ஈயக்குண்டு 164 காட்டியது ஏன்? திருகோணமலை ஆய்வுகூடத்தில் ஒரு தன்வெப்பக் கொள்ளளவுச் செயன்முறை

ஈயத்தின் தன்வெப்பக் கொள்ளளவு (ஒரு கிலோகிராமின் வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்தத் தேவையான வெப்பம்) கிலோகிராமுக்கு, கெல்வினுக்கு 128 யூல். திருகோணமலை நகரில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவர் குழுவொன்று அதைக் கலவை முறையில், அதாவது சூடான ஈயத்தைக் குளிர்ந்த நீரில் இட்டு, அளந்தபோது கிடைத்த விடை 164. அதாவது 28 வீதம் கூட. செயன்முறைப் பதிவேட்டின் கடைசி வரியில், "சூழலுக்கு வெப்பம் இழக்கப்பட்டமையால் வழு ஏற்பட்டிருக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். இந்த வசனத்தை எழுதாமல் உயர்தரம் முடித்த மாணவர் எங்கள் மாவட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். எந்தச் செயன்முறைக்கும் பொருந்தும், எவரும் சிவப்புக் கோடு போடமாட்டார்கள், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும்.

ஆனால் இங்கே அது பொருந்தாது. சூடான ஈயத்தைக் குளிர்ந்த நீரில் போடுகிறோம். வெப்பம் வெளியே போனால் நீரின் இறுதி வெப்பநிலை உயரவேண்டிய அளவுக்கு உயராது. அப்போது ஈயம் கொடுத்த வெப்பம் குறைவு என்றுதான் கணக்குச் சொல்லும். விடை 128க்குக் கீழே விழும். வந்ததோ மேலே. ஆக, வெப்பம் வெளியே போனது உண்மையாகவே இருந்தாலும், 164க்கு அது காரணமாக முடியாது. அந்த வழு இல்லாதிருந்தால் விடை இன்னும் மோசமாக, 164ஐயும் தாண்டிப் போயிருக்கும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த நிகழ்வை முழுமையாகப் பதிவுசெய்கிறேன்.

செய்த விதம்

பாடசாலை ஆய்வுகூடங்களில் இந்தச் செயன்முறைக்குச் சிறிய ஈயச் சன்னங்களைப் பயன்படுத்துவது வழக்கம். இந்தக் குழுவிடம் போதிய அளவு இல்லை. ஒரு மாணவனின் மாமா கரைவலைக்காரர். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயக்குண்டுகள் பத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். ஒவ்வொன்றும் 25 கிராம் அளவில், 2 சென்ரிமீற்றர் நீளம். நீளப்போக்கில் நடுவே கயிறு நுழைய 3 மில்லிமீற்றர் துளை. கடலில் கிடந்து கிடந்து மேற்பரப்பு சொரசொரத்து, சாம்பல் பூத்திருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழும், உள்ளே பளபளப்புத் தெரியும். (ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் யாரும் வடையில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் ஆய்வுகூடத்தில் சட்டம்.)

குண்டுகளைப் பருத்தி நூலில் கோர்த்துக் கொதிக்கும் நீரில் தொங்கவிட்டார்கள். நன்றாகச் சூடேறிய பின் தூக்கி, ஒரு உதறு உதறி, கலோரிமானிக்குள் (நீர் இட்ட செப்புப் பாத்திரம்) இறக்கிக் கலக்கினார்கள். எடுத்த வாசிப்புகள் இவை:

செப்புக் கலோரிமானியும் கலக்கியும் 62.0 கிராம்
கலோரிமானியில் இட்ட நீர் 100.0 கிராம்
உலர்ந்த ஈயக்குண்டுகள் 250.0 கிராம்
கொதிநீரின் வெப்பநிலை 100.0 பாகை செல்சியசு
கலோரிமானி நீரின் தொடக்க வெப்பநிலை 30.5 பாகை
கலந்த பின் உச்ச வெப்பநிலை 36.4 பாகை
எல்லாம் முடிந்தபின் கலோரிமானி, நீர், ஈயம் சேர்ந்த திணிவு 414.3 கிராம்

நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4180, செம்பினது 385. நீரை ஒரு கெல்வின் உயர்த்த 418.0 யூல், கலோரிமானியை உயர்த்த 23.9 யூல்; கூட்டினால் 441.9. வெப்பநிலை உயர்வு 5.9. ஆகவே குளிர்ந்த பக்கம் பெற்ற வெப்பம் 441.9 × 5.9 = 2607 யூல். சூடான பக்கத்தில் 0.250 கிலோகிராம் ஈயம் 100.0இலிருந்து 36.4 வரை, அதாவது 63.6 கெல்வின் இறங்கியது. 2607ஐ 0.250 × 63.6ஆல், அதாவது 15.9ஆல் வகுத்தால் 164.

கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. கலோரிமானியையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். மறந்திருந்தால் விடை 155 ஆகியிருக்கும். சரியான பெறுமானத்துக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருக்கும்! ஒரு வழுவின் மேல் இன்னொரு வழு விழுந்து விடை நன்றாகத் தெரிவது செயன்முறைகளில் நடக்கிற காரியம்தான்.

வெப்பமானியின் வாசிப்பு வழு எவ்வளவு? 0 முதல் 50 பாகை வரையான, பத்திலொன்று பிரிவுள்ள வெப்பமானி. தொடக்கத்தில் 0.1, முடிவில் 0.1 என்று வைத்தாலும் 5.9இல் 0.2, ஏறத்தாழ 3 வீதம். 164ஐ 158க்குக் கொண்டுவரலாம், அதற்குக் கீழே இல்லை. 28 வீத விலகலுக்கு வேறு எங்கேயோதான் தேடவேண்டும்.

சொல்லப்பட்ட காரணங்கள்

குழுவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் வைத்த நிபந்தனை இரண்டு: விடையை மேல்நோக்கித் தள்ளவேண்டும், 36 அலகு தள்ளப் போதிய பலமும் வேண்டும்.

முதலில் கிணற்று நீர். கரையோரக் கிணறு, நீர் உவர்ப்பு. உவர்நீரின் தன்வெப்பக் கொள்ளளவு நன்னீரை விடக் குறைவு. நாம் 4180 என்று கூட்டிப் போட்டதால் விடையும் கூடியிருக்கலாம். திசை சரியாக இருக்கிறது, அதனால் இந்த யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் பலம் போதாது. கிணற்று நீரை விடுங்கள், உட்துறைமுகத்துக் கடல்நீரையே அள்ளி ஊற்றியிருந்தாலும் பெறுமானம் ஏறத்தாழ 3990. அதைப் போட்டுக் கணித்தால் 157 வருகிறது. குடிக்கக்கூடிய ஒரு கிணற்று நீரின் உப்பால் ஒரு வீத மாற்றம்கூட வராது.

அடுத்தது நீர் தெறித்தது. குண்டுகளை இறக்கும்போது கொஞ்சம் வெளியே தெறித்திருந்தால் உள்ளே இருந்த நீர் 100 கிராமுக்குக் குறைவு, மிச்ச நீர் கூடுதலாகச் சூடேறும், விடை கூடும். இதற்கும் திசை சரி. எவ்வளவு தெறிக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணித்தோம். 23 கிராம். கால்வாசி நீர் மேசையில் நின்றிருக்கவேண்டும்; மேசை காய்ந்தே கிடந்தது.

கொதிநீர் 100 பாகைக்கு மேல் இருந்ததோ? 164 வர ஈயம் 118 பாகையில் இருந்திருக்கவேண்டும். திறந்த முகவையில், கடல் மட்டத்தில் இருக்கிற திருகோணமலையில், அது நடக்காது. பிரஷர் குக்கரில் வைத்திருந்தால் வேறு கதை. நுவரெலியாவில் இதே செயன்முறையைச் செய்கிறவர்கள்தான் 100 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது; அங்கே நீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும்.

நான்காவது காரணத்தைத்தான் குழு உறுதியாக நம்பியது.

"சேர், ஈயத்தில கலப்படம் இருக்குப் போல. பழைய பற்றரியை உருக்கி வார்க்கிறவங்க எண்டு மாமாவும் சொன்னவர்."

"சரி தம்பி, எவ்வளவு கலந்தா 164 வரும்? கணக்கைப் போட்டுச் சொல்லுங்க."

பற்றரித் தட்டுகளில் ஈயத்தோடு வழக்கமாகச் சேர்ப்பது சில வீதம் அந்திமனி. அதன் தன்வெப்பக் கொள்ளளவு 207. ஐந்து வீதம் என்று வைத்தாலும் கலவை 132 வரைதான் போகும். வெள்ளீயம் கலந்திருந்தால்? அதற்கு 227. 164 வரவேண்டுமானால் 36 வீதம் வெள்ளீயம் இருக்கவேண்டும். அப்படியானால் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 9.4 கிராமுக்கு இறங்கும். 250 கிராம் குண்டுகள் 26.5 மில்லிலீற்றர் இடத்தைப் பிடிக்கும். அளவுச்சாடியில் நீர் ஊற்றிக் குண்டுகளை இறக்கிப் பார்த்தார்கள். உயர்ந்தது 22 மில்லிலீற்றர். அடர்த்தி 11.4. ஈயத்தின் ஏற்றுக்கொண்ட பெறுமானம் 11.34. மாமாவின் ஈயம் நல்ல ஈயம்.

அடர்த்தி பார்க்காமலே 164ஐச் சந்தேகிக்க ஒரு வழி உண்டு. 1819இல் டூலோங், பெத்தி என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டது: திண்ம மூலகம் ஒன்றின் தன்வெப்பக் கொள்ளளவை அதன் மூலர்த் திணிவால் பெருக்கினால், பெரும்பாலான உலோகங்களுக்கு ஒரே எண்ணை ஒட்டி வருகிறது. இன்றைய அலகில் மூலுக்கு, கெல்வினுக்கு 25 யூல் அளவு. செம்புக்கு 24.5, இரும்புக்கு 25, ஈயத்துக்கு 26.5. அதாவது ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ ஒரே பங்கு வெப்பத்தைத்தான் கேட்கிறது. ஈய அணு பாரமானது என்பதால் ஒரு கிலோவில் அணுக்கள் குறைவு, எனவே தன்வெப்பக் கொள்ளளவும் குறைவு. 164ஐ ஈயத்தின் மூலர்த் திணிவான 0.2072 கிலோகிராமால் பெருக்கினால் 34. அறை வெப்பநிலையில் அப்படி நடந்துகொள்கிற சாதாரண உலோகம் எதுவும் இல்லை. பாடத்திட்டத்தில் இதற்கு அதிகம் இடம் கிடையாது. ஆனாலும் பெறுபேறு எழுதுமுன் அரை நிமிடம் செலவழித்து இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

414.3

விடை பதிவேட்டிலேயே இருந்தது. குழுவில் ஒரு மாணவி, யாரும் கேட்காமலே, கடைசியில் கலோரிமானியை முழுதாக இலத்திரனியல் தராசில் வைத்து 414.3 என்று எழுதியிருந்தாள். கணக்கில் அந்த எண்ணை ஒருவரும் தொடவில்லை.

62.0, 100.0, 250.0 ஆகியவற்றைக் கூட்டினால் 412.0. தராசு காட்டியது அதைவிட 2.3 கிராம் அதிகம். கலோரிமானிக்குள் ஏதோ கூடுதலாகப் போயிருக்கிறது. போகக்கூடியது கொதிநீர் ஒன்றுதான்.

"நல்லா உதறித்தானே சேர் போட்டனாங்கள்" என்றார்கள். உதறியது உண்மை. கோர்த்த குண்டுகளை மறுபடி நீரில் தோய்த்து, அதேபோல உதறி, பழைய பத்திரிகைத் தாளுக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். ஒரு துளி விழவில்லை. பிறகு ஒரு குண்டை நூலிலிருந்து கழற்றி, துளையின் ஒரு முனையில் உறிஞ்சுகுழாயை வைத்து ஊதச் சொன்னேன். தாளில் ஐம்பது சத நாணயம் அளவுக்கு ஈரம் பரவியது. இரண்டாவது குண்டிலும் அப்படியே.

3 மில்லிமீற்றர் துளையில் நிற்கிற நீரைப் பரப்பிழுவிசை இரு முனையிலும் பிடித்துக்கொள்கிறது. ஓர் உதறலுக்கு அது அசையாது. துளையின் கனவளவு 0.14 மில்லிலீற்றர். பத்துக் குண்டுக்கு 1.4. மிச்சம் கிட்டத்தட்ட 0.9 கிராம் சொரசொரத்த மேற்பரப்பிலும் பருத்தி நூலிலும் ஒட்டியிருந்திருக்கவேண்டும்.

2.3 கிராம் என்பது 250 கிராமுக்கு முன்னால் ஒரு வீதமும் இல்லை. வேறு எந்த அளவீட்டிலும் அதைத் தள்ளிவிடலாம். இங்கே தள்ளமுடியாததற்குக் காரணம், கிராமுக்குக் கிராம் நீர் ஈயத்தை விட ஏறத்தாழ 33 மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது. 2.3 கிராம் கொதிநீர் கொண்டுவந்த வெப்பம் 75 கிராம் ஈயம் கொண்டுவரக்கூடிய வெப்பம். மாணவர்கள் 250 கிராம் ஈயம் என்று எழுதிக்கொண்டு, வெப்பக் கணக்கில் 325 கிராம் ஈயத்தைப் போட்டிருக்கிறார்கள். இதே நீர் அலுமினியத்தில் ஒட்டியிருந்தால், அதன் தன்வெப்பக் கொள்ளளவு 900 என்பதால், விடை 4 வீதமே கூடியிருக்கும், எவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

கணக்கைத் திருத்துவோம். 2607ஐ 63.6ஆல் வகுத்தால் 41.0. சூடான பக்கம் முழுவதன் வெப்பக் கொள்ளளவு இது. அதில் நீரின் பங்கு 0.0023 × 4180 = 9.6. மிகுதி 31.4 ஈயத்தினுடையது. 0.250ஆல் வகுக்க 125.5.

இப்போது விடை 128க்குச் சற்றுக் கீழே. வெப்ப இழப்பு என்ற வசனத்தை இனி எழுதலாம், திசை பொருந்துகிறது. அளவையும் பார்க்கவேண்டும். உச்சத்துக்குப் பிறகு நீரின் வெப்பநிலை நிமிடத்துக்கு 0.1 பாகை என்று இறங்கியது. ஈயம் உலோகம், ஒரு நிமிடத்துக்குள் தன் வெப்பத்தைக் கொடுத்துமுடித்துவிட்டது. அந்நேரத்தில் நீர் அறையை விடப் பெரிதாகச் சூடாகவும் இல்லை. நியூட்டனின் குளிரல் விதிப்படி பார்த்தால் அதற்குள் இழந்தது 0.05 பாகைக்கும் குறைவு. விடையில் ஒரு வீதம் அளவுதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து நின்றதற்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

ஆனாலும் 125.5ஐ நம்பி நான் புள்ளி போடமாட்டேன். ஈரமான உலோகத்தை 100 பாகையில் தூக்கிக் காற்றில் கொண்டுவரும்போது அதிலிருந்து நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக 2260 யூல் வேண்டும். வெறும் 0.1 கிராம் ஆவியானாலே 226 யூல். மொத்தம் கைமாறிய வெப்பம் 2607தான். கடைசித் தராசு வாசிப்பு உள்ளே வந்த நீரைச் சொல்லும், வழியில் ஆவியாகிப் போனதைச் சொல்லாது. கலோரிமானிக்குள் நுழைந்தபோது ஈயம் உண்மையில் எத்தனை பாகையில் இருந்தது என்பதற்கு நம்மிடம் வாசிப்பே இல்லை. நல்ல விடை வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

உலர்ந்த ஈயத்தோடு மறுபடி

இரண்டாம் முறை குண்டுகளை வெயிலில் நன்கு காயவைத்து, அகலமான கொதிகுழாயில் இட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, குழாயைக் கொதிநீரில் நிறுத்தினார்கள். 100 பாகை வரை காட்டும் இன்னொரு வெப்பமானியின் குமிழ் குண்டுகளின் நடுவில். காற்று இடையில் இருப்பதால் சூடேற அரைமணி நேரம் எடுத்தது. வாசிப்பு 98.5இல் நின்று அசையவில்லை. எனவே 100 என்று எழுதாமல் 98.5 என்றே எழுதினார்கள். கொதிக்கவைக்கிற அலுப்பில், "கன்னியாவுக்கே கொண்டு போவமா சேர்?" என்று ஒருவன் கேட்டான். கன்னியா வெந்நீரூற்று 40 பாகையை ஒட்டியது. முதல் தடவை எடுத்த அளவுகளுக்கு அங்கே நீர் உயர்வது அரைப் பாகைக்குச் சற்று மேல்தான். அதைப் பத்திலொன்று பிரிவுள்ள வெப்பமானியால் அளந்து ஒன்றும் சொல்லமுடியாது.

நீரின் தொடக்க வெப்பநிலையை அறையை விடச் சற்றுக் கீழே வைப்பது வழக்கமான உபாயம். கீழே இருக்கும்போது பெறுகிற வெப்பமும் மேலே போனபின் இழக்கிற வெப்பமும் ஓரளவு சரிக்குச் சரியாகும். பனிக்கட்டி தேவையில்லை, அறை 31 பாகையில் இருந்தபோது மண்பானைத் தண்ணீர் 28.5 பாகை. அதற்கு மேல் குளிர்விக்க எங்கள் ஊரில் யோசிக்கவேண்டும். 31 பாகையில் சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பத வீதம்) 70 வீதமாக இருந்தால் பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25. அதற்குக் கீழே போனால் கலோரிமானியின் வெளிப்புறத்தில் பனி படிந்து, படிகிற நீர் தன் மறைவெப்பத்தைச் செம்புக்குக் கொடுத்துவிடும்; மறுபடியும் விடை மேலே போகும். கச்சான் காற்று வீசுகிற காய்ந்த நாளில் சாரீரப்பதன் 50 வீதத்துக்கு வந்தால் பனிபடுநிலையும் 19க்கு இறங்கும், அப்போது பயமில்லை.

மாமாவிடம் இன்னும் இரண்டு குண்டுகள் வாங்கி ஈயத்தை 300.0 கிராம் ஆக்கினார்கள். நீரை 80.0 கிராமாகக் குறைத்தார்கள். வெப்பநிலை உயர்வு பெரிதானால் வாசிப்பு வழுவின் வீதம் சிறிதாகும். உச்ச வெப்பநிலை 35.2. நீருக்கும் கலோரிமானிக்கும் சேர்த்து 358.3 யூல், அதை உயர்வு 6.7ஆல் பெருக்க 2401. ஈயத்தின் வீழ்ச்சி 63.3, 0.300ஆல் பெருக்க 18.99. விடை 126. வாசிப்பு வழு 3 வீதம், எனவே கூடக்குறைய 4. 128 அதற்குள் அடங்குகிறது. கடைசித் திணிவையும் பார்த்தார்கள்: 62.0, 80.0, 300.0 சேர்ந்து 442.0 வரவேண்டும், 442.0 வந்தது.

அடுத்த தவணைக்கு இதே குழுவுக்கு ஒரு தொடர்ச் செயன்முறை கொடுத்திருக்கிறேன். உலர்ந்த ஈயத்தோடு கொதிகுழாய்க்குள் வேண்டுமென்றே 1, 2, 3 மில்லிலீற்றர் என்று நீர் விட்டுச் சூடாக்கி, அந்த நீரைக் கணக்கில் சேர்க்காமல் ஒவ்வொரு முறையும் "தவறான" தன்வெப்பக் கொள்ளளவைக் கணிக்கவேண்டும். நீரின் திணிவை ஈயத்தின் திணிவால் வகுத்துக் கிடையச்சிலும், கணித்த விடையை நிலைக்குத்தச்சிலும் குறித்தால் நேர்கோடு வரவேண்டும். வெட்டுத்துண்டு ஈயத்தின் தன்வெப்பக் கொள்ளளவு, படித்திறன் நீரினுடையது. நீரின் திணிவு ஊற்றிய அளவாக இல்லாமல் கடைசித் தராசு வாசிப்பிலிருந்து எடுக்கப்படவேண்டும், ஏனென்றால் குழாயின் கண்ணாடியில் கொஞ்சம் ஒட்டி நின்றுவிடும். பஞ்சுக்குப் பதில் இறப்பர் அடைப்பான் போடலாமா என்று கேட்டார்கள். இறுக்கி அடைத்து நீரைச் சூடாக்கக்கூடாது, அடைப்பான் தெறித்துப் பறக்கும். தளர்வான பஞ்சே போதும்.